லயனல் கானக்கர்: சோறு போடாத ஆட்டத்தின் நாயகன்

1950ஆம் ஆண்டில் கனேடியன் பிரஸ் செய்தி நிறுவனம் நாட்டின் விளையாட்டு எழுத்தாளர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. நூற்றாண்டின் முதல் பாதியில் கனடாவின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார்? லயனல் கானக்கர் என்று விடை வந்தது. கால்பந்துக்கென்று தனியாக வாக்குக் கேட்டபோதும் அவர் பெயரே முதலில் நின்றது. ஐஸ் ஹாக்கியில் அந்த இடம் ஹோவி மொரென்ஸுக்குப் போனது.

இந்த முடிவில் ஒரு முரண் இருக்கிறது. கானக்கர் பன்னிரண்டு பருவங்கள் தொழில்முறை ஹாக்கி ஆடியவர். உயர்நிலைக் கால்பந்தோ, இளமையில் மூன்று பருவங்கள்தான். அதிலும் நாடு பேசிய ஆட்டங்கள் 1921, 1922 என்ற இரண்டே ஆண்டுகளில் அடங்கிவிடும். பன்னிரண்டு பருவங்களைக் கொடுத்த ஆட்டத்தில் அவர் இரண்டாம் வரிசை. மூன்று பருவம் மட்டும் எட்டிப் பார்த்த ஆட்டத்தில் முதல்வர். அவருக்கு மிகவும் பிடித்த ஆட்டமும் கால்பந்துதான். பிறகு ஏன் விட்டார்? காயத்தாலோ, சலிப்பாலோ, திறமை குறைந்ததாலோ அல்ல. அந்த ஆட்டத்தில் காசு இல்லை. காசு வாங்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. அந்தச் சட்டம் ஓர் ஏழை வீட்டுப் பையனை எங்கெல்லாம் துரத்தியது என்பதற்கு கானக்கரின் வாழ்க்கை நல்ல சான்று.

கனடியக் கால்பந்து என்றால் உலகம் ஆடும் கால்பந்து அல்ல. ரக்பியிலிருந்து கிளைத்து, அமெரிக்கக் கால்பந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரனாக வளர்ந்த ஆட்டம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியை இடித்துத் தள்ளி ஓட வேண்டும். மைதானத்தின் நீளம் 110 கெஜம். பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புகள், அமெரிக்காவில் நான்கு. 1920களில் அதை 'ரக்பி கால்பந்து' என்றே கனடாவில் அழைத்தார்கள்.

தவென்போர்ட் வீடு

1900 மே 24 அன்று டொராண்டோவில் பிறந்தார். முழுப் பெயர் லயனல் பிரிட்டோரியா கானக்கர். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த காலம். பேரரசின் வெற்றிச் செய்திக்காகக் காத்திருந்த நகரத்தில் பிள்ளைக்குப் போர்க்களத்து ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள். பெற்றோர் பெஞ்சமின், எலிசபெத். தவென்போர்ட் பகுதியில் இருந்த வீட்டில் பத்துப் பிள்ளைகள். ஆண்கள் ஐவரில் இவர் மூத்தவர். தந்தை குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் அளவுக்குக்கூட வருமானம் போதாத குடும்பம்.

எட்டாம் வகுப்போடு லயனலின் படிப்பு நின்றது. நாளுக்குப் பத்து மணி நேரம் புல்பத்தை சுமக்கும் வேலை. மண்ணோடு சேர்த்து வெட்டிச் சுருட்டிய புல்தரை அது. ஈரமாக இருந்தால் எடை இன்னும் கூடும். உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலைப் பார்க்காமலே அவருக்குத் தோளும் தொடையும் திரண்டதற்கு இந்தக் கூலி வேலைக்கும் பங்கு இருந்திருக்கும்.

படித்த ஜெசி கெட்சம் பள்ளியில் விளையாட்டு மாணவர்களை வம்புதும்புகளிலிருந்து விலக்கி வைக்கும் என்று நம்பிய தலைமையாசிரியர் இருந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஓர் அணியில் சேர்ந்தார்கள். அங்கேதான் லயனலுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன: மற்றவர்களைவிடத் தனக்கு இது நன்றாக வருகிறது, வறுமையிலிருந்து வெளியேற வேறு கதவு எதுவும் தனக்குத் திறந்திருக்கவில்லை. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

பன்னிரண்டு வயதில் டொராண்டோ நகர லீக்கில் கேபிடல்ஸ் அணிக்குக் கால்பந்து ஆடத் தொடங்கினார். பதினாறு வயதில் ஒன்டாரியோவின் லைட்வெயிட் மல்யுத்தப் பட்டம். இருபதில் கனடாவின் லைட் ஹெவிவெயிட் அமெச்சூர் குத்துச்சண்டைப் பட்டம். அதன் பிறகு உலக சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியுடன் ஒரு காட்சி ஆட்டம்கூட ஆடினார். பேஸ்பால், வலைகட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் லக்ரோஸ் எல்லாம் கோடைக்கு. ஹாக்கி மட்டும் தாமதமாக வந்தது. பதினாறு வயதுவரை அவர் பனிச்சறுக்குக் காலணி அணிந்ததே இல்லை. கனடாவில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சறுக்கப் பழகிவிடுவார்கள். காலணிக்கும் மட்டைக்கும் காசு வேண்டும் என்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். பத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டை நினைத்தால் அதை நம்பாமல் இருக்க முடியாது.

1921, டிசம்பர் 3

1921இல் டொராண்டோ ஆர்கனாட்ஸ் அணிக்கு வந்தார். இந்த அணியை 1873இல் தொடங்கியது ஒரு படகுப்போட்டிக் கிளப். குளிர்காலம் நெருங்கி ஏரியில் படகு விட முடியாத மாதங்களில் உடம்பைத் தளரவிடாமல் வைத்திருக்க உறுப்பினர்கள் கால்பந்து ஆடினார்கள். அதாவது, ஓய்வு நேரம் உள்ளவர்களின் அணி. அதில் புல்பத்தை சுமந்த பையன் ஒருவன் நாயகனாக வந்து நின்றான்.

முதல் ஆட்டத்திலேயே அணி எடுத்த 23 புள்ளிகளில் 14 அவருடையவை. பருவத்தின் ஆறு ஆட்டங்களில் அணியின் மொத்தம் 167. அவர் கணக்கில் 85. பாதிக்கும் மேல். இன்றைய வாசகர் இதன் அருமையை உணர, அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பந்தை முன்னோக்கி வீசுவதற்கு அப்போது அனுமதி இல்லை. அது வர இன்னும் பத்தாண்டு இருந்தது. முன்னேற இரண்டே வழிகள்: சுமந்துகொண்டு ஓடுவது, இல்லையேல் உதைப்பது. கனடிய விதிகளில் உதைக்குத் தனி மதிப்பு உண்டு. பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்கள் அதை அங்கிருந்து வெளியே கொண்டுவர முடியாமல் போனால் ஒரு புள்ளி. இன்றும் இந்த ஒற்றைப் புள்ளி அங்கே உயிரோடு இருக்கிறது. பந்தைச் சுமந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அன்று அதற்கு 5. கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்ட் கோல், அதற்கு 3. ஆகவே ஒரே ஆள் மாடுபோல் முட்டி ஓடவும், காலால் நாற்பது ஐம்பது கெஜம் அனுப்பவும் வல்லவனாக இருந்தால் எதிரணிக்குத் தலைவேதனை. ஓடப்போகிறானா உதைக்கப்போகிறானா என்று கடைசி நொடிவரை தெரியாது. கானக்கர் அப்படிப்பட்ட ஹாஃப்-பேக், அதாவது பின்வரிசையிலிருந்து பந்தை வாங்கி ஓடுபவர்.

இன்னொரு தற்செயலும் அவருக்குக் கைகொடுத்தது. அதே 1921இல்தான் கனடிய ரக்பி சங்கம் அணிக்குப் பதினான்கு பேர் என்பதைப் பன்னிரண்டாகக் குறைத்தது. களத்தில் இருபத்தெட்டுப் பேர் இருந்த இடத்தில் இருபத்து நான்கு. வேகமும் உடற்கட்டும் ஒருங்கே உள்ள ஓட்டக்காரனுக்குத் திடீரென்று இடம் கிடைத்தது. அவருடைய எண்களைப் புகழ்வோர் இதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

அந்த ஆண்டின் கிரே கோப்பை, அதாவது கனடியக் கால்பந்தின் தேசியக் கோப்பை, இறுதி ஆட்டம் டிசம்பர் 3 அன்று, புளூர் தெருவில் உள்ள வார்சிட்டி அரங்கில் நடந்தது. எட்மன்டன் அணி வந்திருந்தது. மேற்குப் பகுதியிலிருந்து ஓர் அணி கிரே கோப்பைக்கு ஆடியது அதுவே முதல் முறை. அதுவரை அது ஒன்டாரியோவும் கியூபெக்கும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கோப்பை. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். ஆட்டம் ஒருதலைப்பட்சமாக முடிந்தது: 23–0. கானக்கர் இரண்டு டச்டவுன், ஒரு ஃபீல்ட் கோல், இரண்டு ஒற்றைப் புள்ளி என 15 எடுத்தார்.

மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் அவர் களத்தை விட்டுப் போய்விட்டார். அன்று மாலை நகரின் வேறொரு பகுதியில் அவருக்கு ஹாக்கி ஆட்டம் இருந்தது. தேசிய இறுதி ஆட்டத்தை முக்கால் பங்கு முடித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஓடிய மனிதர். இதைக் கேட்பவர்கள் சிரிப்பார்கள், வியப்பார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. எந்த ஆட்டத்திலிருந்து பிழைப்பு வரும் என்று தெரியாதவன் எந்த ஆட்டத்தையும் விட்டுவைக்க மாட்டான்.

1922 கோடையிலும் இதே ஓட்டம். ஒரே நாளில் ஹில்கிரெஸ்ட் அணிக்காக நகர பேஸ்பால் இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் மூன்று தளம் ஓடக்கூடிய அடி அடித்து வெற்றியைத் திருப்பினார். அங்கிருந்து டாக்சியில் ஸ்கார்பரோ பீச்சுக்கு. இன்று நம்மவர்கள் நிறைந்திருக்கும் ஸ்கார்பரோ அல்ல அது. குயின் தெருவின் கிழக்கே ஏரிக்கரையில் அப்போது இருந்த பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே மெய்ட்லண்ட்ஸ் லக்ரோஸ் அணி 0–3 என்று பின்தங்கியிருந்தது. இவர் இறங்கி நான்கு கோல் போட்டார். ஆட்டம் 5–3 என்று அவர்கள் பக்கம் வந்தது. கதைபோல இருக்கிறதே என்று தோன்றினால் அது இயல்புதான். கானக்கரைப் பற்றிய கட்டுரைகளில் இதைச் சொல்லாதது அபூர்வம்.

கையில் காசு, கழுத்தில் கயிறு

இனி சட்டத்துக்கு வருவோம். கனடாவின் அமெச்சூர் தடகள ஒன்றியம் வகுத்த நெறியின் சாரம் இது: ஏதாவது ஓர் ஆட்டத்தில் பணம் வாங்கிவிட்டால் நீ எல்லா ஆட்டத்திலும் தொழில்முறை ஆள். ஹாக்கிக்குச் சம்பளம் வாங்கினால் அமெச்சூர் கால்பந்து மைதானத்தில் கால் வைக்க முடியாது. கால்பந்திலோ தொழில்முறை என்ற கதவே இல்லை.

1920–21 பருவத்தில் டொராண்டோ செயின்ட் பாட்ரிக்ஸ் ஹாக்கி அணி 3,000 டாலர் தருவதாகக் கூப்பிட்டது. அடுத்து மான்ட்ரியல் கனேடியன்ஸ் 5,000 டாலர் தந்து, தொழில் தொடங்கவும் உதவுவதாகச் சொன்னது. கூலி வேலை பார்த்து வளர்ந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் மறுத்தார். ஆர்கனாட்ஸ் உடையைக் கழற்ற மனம் வரவில்லை.

இந்த மறுப்பைத் தூய அமெச்சூர் உணர்வின் அடையாளமாகக் காட்டுவது பழைய எழுத்தாளர்களின் வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் காண அவரோடு ஒப்பிடத்தக்க இருவரைப் பார்த்தால் போதும்.

ஸ்மர்ல் லாசன், கானக்கருக்கு முன்னோடி. 'பெரிய ரயில்' என்ற பட்டப்பெயரே முதலில் அவருடையதுதான். பிறகுதான் கானக்கரோடு ஒட்டிக்கொண்டது. 1909இல் முதல் கிரே கோப்பையை வென்ற டொராண்டோ பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம். படித்தார், மருத்துவரானார், மரண விசாரணை அதிகாரியாகப் பெயர் எடுத்தார். பெர்சிவல் மோல்சன், மான்ட்ரியலின் பெரும் மதுவாலைக் குடும்பத்துப் பிள்ளை. மக்கில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், 1904 ஒலிம்பிக்கில் ஓடியவர், 1917இல் பிரான்சில் போர்முனையில் இறந்தவர். அவர் உயிலில் எழுதிவைத்த பணம் மக்கில் அரங்கத்துக்குப் போனது. அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்களுக்குக் கால்பந்து மாலைநேரப் பொழுது. சம்பளம் வேண்டாம் என்ற விதி அவர்களுடைய பையைத் தொடவே இல்லை. விதியை எழுதியவர்களும் பெரும்பாலும் அந்த வகையினரே. கானக்கர் மறுத்த 5,000 டாலருக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பச் சொத்தும் இல்லை, பட்டமும் இல்லை. மறுத்ததற்கான விலையை முழுதாகக் கொடுத்தவர் அவர் ஒருவரே.

1922இல் அவர் ஆர்கனாட்ஸின் அணித்தலைவர். பருவம் முழுவதும் தோல்வி இல்லை. கிரே கோப்பைக்குப் போகும் வழியில், கிழக்குப் பகுதி ஆட்டத்தில் கிங்ஸ்டனின் குவீன்ஸ் பல்கலைக்கழக அணியிடம் 12–11 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் பதினைந்து முறை பந்தைச் சுமந்து 227 கெஜம் ஓடினார் என்று பதிவு இருக்கிறது. ஓர் ஓட்டத்துக்குச் சராசரி பதினைந்து கெஜம். தோற்ற அணியின் ஆட்டக்காரர் ஒருவர் இந்த அளவுக்கு ஓடிய ஆட்டம் அரிதாகத்தான் கிடைக்கும். ஒரே ஒரு புள்ளி! குவீன்ஸ் அந்த ஆண்டும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் கிரே கோப்பையை வென்றது. பல்கலைக்கழகங்களின் காலம் அது. கனடாவின் உயர்நிலைக் கால்பந்தில் கானக்கரின் கடைசிப் பருவமும் அதுவே. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

எல்லைக்கு அப்பால்

1923இல் பிட்ஸ்பர்க் போனார். அங்கே ராய் ஸ்கூலி என்பவர் யெல்லோ ஜாக்கெட்ஸ் என்ற ஹாக்கி அணியை நடத்தினார். பெயரளவில் அதுவும் அமெச்சூர் அணிதான். ஆனால் ஸ்கூலி நீட்டிய வாக்குறுதி கானக்கருக்கு யாருமே தராத ஒன்று: படிப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவர் முதலில் பெல்ஃபான்ட் அகாடமியிலும் பிறகு டுகேன் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார். அங்கேயும் அமெரிக்கக் கால்பந்து ஆடினார். ஸ்கூலியின் அணி 1924, 1925 இரண்டு ஆண்டும் அமெரிக்க அமெச்சூர் ஹாக்கிப் பட்டத்தை வென்றது. அமெச்சூர் விதி எப்படி வளைந்து கொடுக்கும் என்பதற்கும் இது சான்று. கையில் காசாகக் கொடுத்தால் குற்றம். கல்விக் கட்டணமாகக் கொடுத்தால் பெருந்தன்மை.

1925இல் அந்த அணி பெரும்பாலும் அப்படியே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற பெயரில் என்எச்எல் என்ற தொழில்முறை ஹாக்கி லீக்குக்குள் நுழைந்தபோது கானக்கர் தொழில்முறைக்கு மாறினார். அந்த அணியின் முதல் கோல் அவருடையது. கனடிய அமெச்சூர் கால்பந்தின் கதவு அன்றோடு சாத்தப்பட்டது.

ஹாக்கிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சறுக்குவதில் அவர் ஒருபோதும் நேர்த்தியானவர் அல்ல. தாமதமாகக் கற்ற குறை கடைசிவரை தெரிந்தது. அதை ஈடுகட்டத் தற்காப்பு ஆட்டக்காரராக முழங்காலிட்டு உடம்பையே குறுக்கே போட்டு எதிராளியின் அடியைத் தடுத்தார். நியூயார்க் அமெரிக்கன்ஸில் இருந்த ஆண்டுகளில் குடிப்பழக்கம் முற்றியது. முதல் குழந்தை பிறந்தபோது நிறுத்தினார். 1934இல் சிகாகோவுடன் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை, 1935இல் மான்ட்ரியல் மரூன்ஸுடன் மீண்டும். மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதில் இருமுறை இரண்டாம் இடம். 1937இல் ஓய்வு. இடையில் ஒரு கோடையில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பேஸ்பால் அணி, வேறு கோடைகளில் உள்ளரங்க லக்ரோஸ், தொழில்முறை மல்யுத்தம். மூக்கு எத்தனை முறை உடைந்தது, உடம்பில் எத்தனை தையல் என்ற பட்டியல்களைப் பழைய பத்திரிகைகள் ரசித்து வெளியிட்டன.

திரும்பி வந்த ஆட்டம்

இந்த வாழ்க்கையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பகுதி 1933. கானக்கர் தானே ஒரு கால்பந்து அணியை உருவாக்கினார். அவரே தலைவர், அவரே பயிற்சியாளர். கனடாவின் முதல் தொழில்முறைக் கால்பந்து அணி என்று அதைச் சொல்கிறார்கள். பெயர், கிராஸ் அண்ட் பிளாக்வெல் செஃப்ஸ். ஊறுகாயும் ஜாமும் விற்ற உணவு நிறுவனம் பணம் போட்டதால் அந்தப் பெயர்.

யாரைச் சேர்த்தார் என்பதுதான் முக்கியம். தன்னைப் போலவே, ஹாக்கியில் காசு வாங்கிய காரணத்தால் கால்பந்திலிருந்து ஒதுக்கப்பட்டவர்களைத் திரட்டினார். அவருடைய தம்பி சார்லியும் வந்தார். அப்போது டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணியின் பெரிய பெயர் அவர். கனடாவில் எதிராட இன்னொரு தொழில்முறை அணியே இல்லை. எல்லைக்கு அப்பால் ராச்செஸ்டரிலிருந்து அணியை அழைத்துவந்து ஆடினார்கள். அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம், வேறொரு பெயர்: ரிக்லி அரோமின்ட்ஸ். அத்தோடு முடிந்தது. முப்பத்துநான்கு வயதில், ஹாக்கிப் பருவங்களுக்கு நடுவே, இடிபடும் ஆட்டத்தைத் தொடர உடம்பு இடம் தரவில்லை.

தொழில் என்ற அளவில் இது தோல்விதான். லீக் இல்லாமல் ஓர் அணி பிழைக்காது. ஆனால் 1922இல் ஒரு புள்ளியில் தோற்றுப் பிரிந்த ஆட்டத்துக்கு, பதினொரு ஆண்டு கழித்து, சொந்தமாக மேடை போட்டுத் திரும்பியிருக்கிறார். கால்பந்துதான் அவருக்குப் பிடித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. கனடியக் கால்பந்து வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கும் ஆட்டமாக மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்.

ஹாக்கியிலிருந்து ஓய்வுபெற்ற 1937லேயே லிபரல் கட்சி சார்பில் பிரேக்கன்டேல் தொகுதியிலிருந்து ஒன்டாரியோ சட்டமன்றத்துக்குப் போனார். 1949இல் டொராண்டோவின் டிரினிடி தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1953இல் மீண்டும் தேர்ந்தெடுத்தது. பேச்சாளராகப் பெயர் எடுத்தவர் அல்ல.

1954 மே 26 அன்று ஒட்டாவாவில் நாடாளுமன்றத்தின் முன்னால் உள்ள புல்வெளியில், உறுப்பினர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் சாஃப்ட்பால் ஆட்டம். ஐம்பத்துநான்கு வயது முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் இடப்பக்கமாகத் தொலைவுக்கு ஓர் அடி அடித்தார். முதல் தளத்தில் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், வேடிக்கை ஆட்டம்தானே. அவர் நிற்கவில்லை. இரண்டாம் தளத்தைத் தாண்டி மூன்றாம் தளம்வரை ஓடி, அங்கேயே சரிந்தார். மாரடைப்பு. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது.

எதை வைத்து அளப்பது

1950இன் வாக்கெடுப்பு நியாயமானதா? எனக்குச் சில தயக்கங்கள் உண்டு. வாக்களித்தவர்களில் பலர் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து இருபத்தெட்டு ஆண்டு ஆகியிருந்தது. சிலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அன்றைய புள்ளிவிவரங்கள் செய்தியாளர்கள் மைதான ஓரத்தில் நின்று குறித்தவை. பன்னிரண்டு பேர் விதி வந்த முதல் பருவம், தற்காப்பு வியூகங்கள் இன்னும் பழகாத காலம். நீண்ட காலம் ஆடியவர்களுக்குத் தளர்ந்த பருவங்களும் நினைவில் இருக்கும். இருபத்திரண்டு வயதில் விலகியவருக்கு அந்தக் கறையே கிடையாது. இவ்வளவையும் கழித்த பிறகும் ஆறு ஆட்டங்களில் 85 புள்ளியும், தோற்ற ஆட்டத்தில் 227 கெஜமும் மிஞ்சுகின்றன. அவற்றை மழுப்ப முடியாது.

கிரே கோப்பையிலும் ஸ்டான்லி கோப்பையிலும் ஆட்டக்காரராகப் பெயர் பதித்தவர்கள் மிகச் சிலர். இன்னொருவர் கார்ல் வாஸ்: 1924இல் குவீன்ஸுடன் கிரே கோப்பை, 1938இல் சிகாகோவுடன் ஸ்டான்லி கோப்பை. அந்த வரிசை நீளாததற்கு, ஒன்றில் காசு வாங்கினால் மற்றொன்றில் இடமில்லை என்ற பழைய ஏற்பாடும் ஒரு காரணம். இன்று அந்த ஏற்பாடு போய்விட்டது. ஆனால் இரண்டு ஆட்டத்தின் பருவங்களும் பயிற்சியும் ஆண்டு முழுவதையும் விழுங்கிவிடுகின்றன.

கனேடியன் பிரஸ் நாட்டின் சிறந்த ஆண் விளையாட்டு வீரருக்குத் தரும் விருது லயனல் கானக்கர் பெயரில்தான் இருக்கிறது. கனடிய விளையாட்டுப் புகழ்மன்றம் 1955இல், தொடங்கிய ஆண்டிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. கனடியக் கால்பந்துப் புகழ்மன்றம் 1963இல் தன் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதிலும் அவர் இருந்தார். ஹாக்கிப் புகழ்மன்றம் தம்பி சார்லியை 1961இல் அழைத்தது. அண்ணனை அழைத்தது 1994இல், அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து.